குசினிக்கு எந்த அடுப்பு? மலையகத்து ஈரத்தில் ஒரு கணக்கு

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அக்கா, 7 பேர்ச் காணியில வீடு முடியப் போகுது. குசினிக்குச் சிம்னி வைக்கவான்னு மேசன் பாஸ் கேக்குறார். கேஸ் இருக்குதானே, சிம்னி எதுக்குன்னு வீட்டுக்காரர் சொல்றார். மாமி என்னடான்னா விறகு அடுப்பு இல்லாத குசினிக்குள்ள காலே வைக்கமாட்டேன்னு நிக்கிறாங்க. நான் யார் பக்கம் பேச?"

இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் பலரிடமிருந்து வருகிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர்கள் அனகி என்ற களிமண் அடுப்பு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். டவுனில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கரண்ட் அடுப்பு கட்டுமா என்று சந்தேகம். நான் லயத்துக் காம்பராவில் புகை குடித்து வளர்ந்தவள். இப்போது சிம்னி அடுப்பும் கேஸும் இரண்டும் வைத்துச் சமைக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் பதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டலாம்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

அடுப்பு என்றதும் எல்லாரும் விலையைத்தான் பார்க்கிறோம். எனக்கு விலை நான்காவதோ ஐந்தாவதோதான்.

முதல் கேள்வி, காலை 4.30 மணிக்கு எழும்புகிறவருக்கு எத்தனை நிமிடத்தில் தேத்தண்ணி கிடைக்கும்? கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவருக்கு ரொட்டி சுட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டி, எல்லாம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாவது, தீயைக் கூட்டிக் குறைக்க முடியுமா, இல்லை அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டுமா? மூன்றாவது புகை. அது யார் நெஞ்சுக்குள் போகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்.

அடுத்து, யாரும் கேட்காத இரண்டு கேள்விகள். அவைதான் உண்மையில் முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஒன்று, குளிக்கிற தண்ணீர். கீழ் நாட்டில் இருப்பவர்களுக்கு அடுப்பு என்றால் சோறு கறி மட்டும். நமக்கு அப்படி இல்லை. குழாயில் 16, 17 பாகையில் வருகிற தண்ணீரில் ஒரு வாளி, அதாவது 20 லீற்றர், 45 பாகைக்குச் சுட வைக்கிறோம் என்று வையுங்கள். கொஞ்சத்தைக் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணீரில் வெளாவினாலும் கணக்கு ஒன்றுதான். கேஸில் அதற்குக் கிட்டத்தட்ட 100 கிராம் போகும். நாலு பேர் தினமும் குளித்தால் ஒரு நாளைக்கு 400 கிராம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று குளிப்புக்கு மட்டுமே ஒரு மாதத்தில் காலி. இன்னும் சோறே வைக்கவில்லை. கரண்டில் என்றால் மாதம் 80 யூனிட். விறகில் என்றால் ஒரு வாளிக்கு ஒரு கிலோ முன்பின்.

மற்றது ஈரம். பச்சை விறகின் பாரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிவிட்டுத்தான் விறகு உங்கள் பானைக்கு வேலை செய்யும். மலையகத்தில் விறகு அடுப்பு சரிவருமா வராதா என்பதை அடுப்பு தீர்மானிப்பதில்லை. விறகு காய உங்கள் வீட்டில் இடமிருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

உயரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற மாதிரி இருக்கும், பருப்பு லேசில் வேகாது. எந்த அடுப்பு வைத்தாலும் இது மாறாது. போஞ்சி விதை, கடலை அவிக்கிற வீட்டில் பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் எரிபொருள் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும்.

மூன்று கல், மண் அடுப்பு

செலவே இல்லை என்று நினைக்கிற அடுப்பு இது. மூன்று கல்லோ, மண்ணில் பிடித்த திட்டோ போதும். எந்த அளவு பானையும் உட்காரும். கலியாண வீட்டு அண்டாவுக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல அடுப்பு கிடையாது.

பற்ற வைக்கும் விதத்தில்தான் இதன் நேரமெல்லாம் போகிறது. பழகிய கை 5 நிமிடத்தில் தீ எழுப்பும். பழகாத கை 20 நிமிடம் ஊதிக்கொண்டிருக்கும். என் அம்மா செய்வதைச் சொல்கிறேன். முந்தின நாள் இரவு சமைத்து முடித்ததும் பெரிய கட்டையின் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார். காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே சிவப்பு இருக்கும். அதன் மேல் காய்ந்த கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட குச்சி) ஒரு கைப்பிடி, அதற்கு மேல் விரல் மொத்தச் சிராய் நாலைந்து, குறுக்கும் நெடுக்குமாக, காற்று போக இடம் விட்டு. அப்புறம் ஊதுகுழலில் நீளமாக, மெதுவாக மூன்று தரம். புசுபுசுவென்று அவசரமாக ஊதினால் சாம்பல்தான் கண்ணுக்குள் பறக்கும். நெருப்புப்பெட்டியே தேவைப்படாது.

தணல் இல்லாத காலையில் என்ன செய்வது? பைன் மரச் சிராய் கிடைத்தால் அதிர்ஷ்டம். பிசின் இருப்பதால் சட்டென்று பிடிக்கும், ஆனால் சட்டி கரியாகும். யூக்கலிப்டஸ் காய்ந்த இலை எண்ணெய் மாதிரி எரியும். தேங்காய்ச் சிரட்டையும் பொச்சு மட்டையும் மழைக் காலத்தில் தங்கம். சிலிசிலி பேக், அதாவது பிளாஸ்டிக் பை, கொளுத்திப் பற்ற வைப்பது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. அந்தப் புகையை மூடின குசினிக்குள் பிள்ளையோடு சேர்ந்து மூச்சில் இழுக்கிறோம். ஒரு மெழுகுவர்த்தித் துண்டு அதைவிட நன்றாகப் பிடிக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவதாக இருந்தால் தீ மூட்டுவதற்கு முன்னால், குளிர்ந்த விறகில் மட்டும். தணல் மேல் ஊற்றினால் முதலில் ஆவி எழும். பிறகு அந்த ஆவி முழுக்க ஒரே நொடியில் பிடிக்கும். முகத்தில் காயத்தோடு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

தீயைக் கட்டுப்படுத்துவது இதில் மிக எளிது, ஆனால் ஓயாத வேலை. விறகின் நுனி மட்டும் எரிய வேண்டும். உள்ளே தள்ளினால் கூடும், வெளியே இழுத்தால் குறையும். சோறு கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் விட வேண்டும். ரொட்டிக்குத் தணலோடு ஒரு மெல்லிய குச்சி போதும். வாய் நிறைய விறகை அடைத்தால் தீ பெருகாது. காற்று அடைபட்டுப் புகைதான் வரும். புகை என்பது எரியாமல் வீணாகப் போகிற விறகு. சுடர் எழும்பி நின்றால் புகை தானாகவே மறையும்.

மறைந்த செலவுதான் இங்கே பெரிது. விறகின் சூட்டில் நூற்றுக்கு 10, 15 பங்குதான் பானைக்குப் போகிறது. மிச்சம் சுவருக்கும் கூரைக்கும். விறகு பொறுக்கப் போகிறவர் பெரும்பாலும் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அதே பெண். அட்டைக் கடி, குளவிக்கொட்டு, தலைச்சுமை, பொழுது, எல்லாம் அந்தச் செலவில் சேரும். லயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. கூரை ஒன்று, நடுச்சுவர் கூரைவரை முட்டுவதில்லை. ஒரு காம்பராவின் விறகுப் பரணில் பிடித்தால் வரிசையே போய்விடும். பரணில் விறகு காய வைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் சுடர் நுனிக்கும் பரணுக்கும் நடுவில் ஒரு ஆள் உயரமாவது இருக்க வேண்டும்.

குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். தணலில் புகை தெரியாது, ஆனால் காபனோரொட்சைட்டு என்ற நச்சுக் காற்று வரும். நிறமில்லை, மணமில்லை. தூங்கினவர் எழும்பமாட்டார்.

அனகி அடுப்பு

சிங்களத்தில் அனகி என்றால் அருமையானது, விலைமதிப்பானது. 1980களில் இலங்கையில் உருவான சுட்ட களிமண் அடுப்பு. ஒரு வாயில் விறகு, இரண்டு பானைக்கு இடம். முதல் பானைக்கு அடியில் எரிகிற சுடர் உள்ளேயே திரும்பி இரண்டாவது பானைக்கும் போகும். முன்னால் சோறு, பின்னால் பருப்போ குளிக்கிற தண்ணீரோ வைக்கலாம். மூன்று கல்லில் போகிற விறகில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாவதை என் தங்கச்சி வீட்டிலேயே பார்த்தேன். சுடர் சுவருக்குள் அடங்கி நிற்பதால் சேலைத் தலைப்புப் பிடிக்கிற பயமும் குறைவு.

வாங்கி வந்து அப்படியே வைத்து எரிக்கிறவர்கள்தான் 'ஆறு மாசத்துல வெடிச்சுப் போச்சு' என்று குறை சொல்கிறவர்கள். சுற்றிலும் மண் பூச வேண்டும். புற்று மண், கொஞ்சம் மணல், உமி அல்லது சாணம் குழைத்து மொத்தமாகப் பூசி, ஒரு கிழமை நிழலில் காய விட்டு, முதல் இரண்டு மூன்று நாள் சின்னத் தீ மட்டும் போட வேண்டும். அப்படிச் செய்தால் வருசக் கணக்கில் நிற்கும்.

இதன் குணமே வேறு. மூன்று கல்லுக்குப் பழகினவர் பெரிய கட்டையைத் திணிப்பார். அனகி புகைந்து தள்ளும். இதற்கு முழங்கை நீளம், மணிக்கட்டு மொத்தம், அதற்கு மேல் வேண்டாம். அதாவது விறகைக் கொத்திப் பிளந்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த உழைப்பும் ஒரு செலவுதான். பின் பானையை எடுத்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகச் சூடும் புகையும் வெளியேறும். ஒரு மூடியோ தண்ணீர்ச் சட்டியோ எப்போதும் அதன் மேல் இருக்கட்டும். பத்துப் பேருக்குச் சோறு வைக்கிற பெரிய பானை இதில் ஆடும்.

ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: அனகியில் புகை குறையும், போகாது. சிம்னி இல்லாதவரை குசினிக்குள்தான் சுற்றும். கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சிம்னி வைத்த விறகு அடுப்பு

தலவாக்கலைத் தங்கச்சியின் உண்மையான கேள்வி இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நல்ல சிம்னி அடுப்பு உள்ள குசினியில் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்கும். அடுப்பின் உடம்பு சூடேறினால் தீ அணைந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் குசினி கணகணவென்று இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவில் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். பழைய துரை பங்களாக்களில் அறைக்கு அறை கனப்பு வைத்ததன் அருமை அப்போதுதான் விளங்கும்.

ஆனால் கெட்ட சிம்னியைவிடச் சிம்னி இல்லாமலிருப்பதே மேல். என் கதையைக் கேளுங்கள். எங்கள் குசினிக்கு மேசன் குழாயைக் கூரையின் தாழ்ந்த பக்கமாக ஏற்றி, தகரத்துக்கு மேல் ஒரு முழம் மட்டும் விட்டு முடித்துக்கொண்டு போய்விட்டார். மார்ச்சில் நன்றாகத்தான் இழுத்தது. ஜூன் வந்தது, காற்றுத் திரும்பியது. முகட்டைத் தாண்டி இறங்குகிற காற்று குழாய்க்குள் புகுந்து, புகையை முழுவதும் அடுப்பு வாய் வழியாகத் திருப்பிக் கொட்டியது. மூன்று நாள் நானும் மாமியாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்தோம். பிறகு இன்னொரு ஆளைப் பிடித்து நாலு அடி குழாய் கூட்டி, முகட்டைவிட 2 அடி உயரத்துக்கு ஏற்றி, மேலே மழைத் தொப்பி வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

ஆக மேசனிடம் சொல்ல வேண்டியது: குழாயின் வாய் கூரை முகட்டைத் தாண்ட வேண்டும், வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அடியில் கரி வழிக்க ஒரு சின்னக் கதவு வேண்டும், கூரைப் பலகையைத் தாண்டுகிற இடத்தில் மரத்தைத் தொடாமல் தாராளமான இடைவெளியும் தகரக் கழுத்தும் வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் இன்னும் கவனம். சூடு தாக்கினால் அது வெடித்துத் தெறிக்கும். அறுக்கும்போது பறக்கிற தூள் நெஞ்சுக்குக் கேடு. அந்த ஒரு தகட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடச் சொல்லுங்கள்.

பற்ற வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்ந்த காலையில் குழாய்க்குள் குளிர் காற்று கட்டையாக உட்கார்ந்திருக்கும். நேரே விறகைப் பற்ற வைத்தால் முதல் புகை முகத்துக்குத்தான். ஒரு தாள் பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, குழாய் தொடங்குகிற வாயில் அரை நிமிடம் பிடியுங்கள். உள்காற்று சூடாகி மேலே ஏறத் தொடங்கும். 'ஊ' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அப்புறம் சிராய்க்குத் தீ வையுங்கள், புகை தானாகவே மேலே போகும்.

இழுப்பு நல்லது, ஆனால் அதிக இழுப்பு விறகைத் தின்னும். சூட்டையும் சேர்த்து வானத்துக்கு அனுப்பிவிடும். அதனால் குழாயில் திருப்பி மூடுகிற ஒரு தகடு அவசியம். தீ பிடிக்கும்வரை முழுக்கத் திறந்தும், சுடர் நின்ற பிறகு பாதிக்கு மூடியும் வைக்கலாம். தணல் இருக்கும்வரை முழுக்க மூடக் கூடாது. மேலே சொன்ன அதே நச்சுக் காற்று வீட்டுக்குள் திரும்பும். தகடு இல்லாத சிம்னி அடுப்பு சில நேரம் அனகியைவிட அதிகமாக விறகு கேட்கும்.

மறைந்த செலவு, கரி. ஈர விறகு எரித்தால் குழாயின் உள்சுவரில் தார் மாதிரிக் கறுப்பாகப் படியும். அது தானே ஒருநாள் தீப்பிடிக்கும். குழாய்க்குள் லொறி இரைகிற மாதிரிச் சத்தம் வந்தால் அதுதான். தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பு வாயையும் காற்று வழியையும் அடைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்க் கூரையைக் கவனியுங்கள். இது வராமலிருக்க மழை மாதங்களில் மாதம் ஒரு தரம் கயிற்றில் சாக்குத் துண்டைக் கட்டி இழுத்து வழிப்பதே வழி. எங்கள் வீட்டில் அந்த வேலை யாருடையது என்பதில் இன்றுவரை சமாதானம் ஏற்படவில்லை.

விறகைப் பற்றி, அடுப்பைவிட முக்கியமாக

காய வைக்கிற காலம் எல்லாருக்கும் ஒன்றில்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவ மழை போட்டு வாங்கும். அங்கே ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வருசத்து விறகைக் காய வைத்துவிட வேண்டும். பதுளை, பசறை, ஹாலி எல பக்கம் தலைகீழ். டிசம்பரை ஒட்டித்தான் மழை. ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை உலர் காற்று. அங்கே உள்ளவர்கள் அந்த நாளில் வேலையை முடிக்கலாம்.

காய்ந்த விறகை அறிய மீற்றர் வேண்டாம். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும், 'தொப்'பென்றால் ஈரம். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழுந்திருக்க வேண்டும். உருண்டைக் கட்டை மாதக் கணக்கில் காயாது, பிளந்தால் காயும். கிழங்கு வாங்கப் போய் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிற மாதிரி, லொறியில் வருகிற பச்சை விறகுக்கு நாம் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்.

மீள்நடுகைக்குப் பிடுங்குகிற தேயிலைக் கட்டை கனமானது. மெல்ல எரிந்து நல்ல தணல் தரும். கிரெவிலியா, அதாவது சபுக்கு, நடுத்தரம். அல்பீசியா பஞ்சு மாதிரி. பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடும், பற்ற வைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக் காட்டில் அனுமதி கேட்காமல் மரம் வெட்டினால் அது வேறு பிரச்சினை; விழுந்ததும் கவ்வாத்து மிலாறும் போதும்.

கேஸ்

நெருப்புக்குச்சி ஒன்று, திருகு ஒரு சுற்று, 4.30 மணிக் கேள்விக்கு இதுதான் பதில். தீயைக் குறைக்க இதற்கு நிகர் எதுவுமில்லை. பால் பொங்குவதைப் பார்த்த அதே நொடியில் அணைக்க முடிகிற அடுப்பு வேறு எது? சூட்டில் பாதிக்கு மேல் பானைக்குப் போகிறது. கைப்பிள்ளைக்காரிக்கும் தனியாக இருக்கிற வயசாளிக்கும் இதுதான்.

ஆனால் அதன் கழுத்து நம் கையில் இல்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. அந்த மாதமே 2,675. 2022 ஏப்ரலில் 4,860. விலையாவது பரவாயில்லை, சாமானே இல்லை. அந்த நாளில் எங்கள் லைன் பக்கம் கேஸ் மட்டும் வைத்திருந்த இரண்டு வீட்டார் சட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டு மண் அடுப்புக்கு வந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை; மிலாறுக் கட்டு ஒன்றை மட்டும் காட்டி, "ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

மறைந்த செலவில் முதலாவது போக்குவரத்து. தூரத்துக்குத் தக்கபடி மலை மாவட்டங்களில் விலையும் ஏறும். டிவிசன் ரோட்டில் சிலிண்டரை ஏற்றிவர த்ரீவீலர் கூலி வேறு. அடுத்தது குளிர். சிலிண்டரில் பியூட்டேன் பங்கு கூடுதலாக இருந்தால் குளிரில் அது மெதுவாகத்தான் ஆவியாகும். முடியப் போகிற சிலிண்டர் ஜனவரி விடியற்காலையில் சோர்ந்து எரிவது அதனால்தான். அதற்காகச் சுடுதண்ணீர் ஊற்றுவதோ அடுப்புப் பக்கம் நகர்த்துவதோ உயிருக்கு விளையாட்டு. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுத்தடுத்து வந்த வெடிப்புச் செய்திகளை மறந்திருக்கமாட்டீர்கள்.

கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே விறகு அடுப்பு எரிகிற அதே மூலையில் சிலிண்டரை வைக்கவே கூடாது. எதிர்ச்சுவரில், ஐந்தாறு அடிக்கு அப்பால், முடிந்தால் சுவருக்கு வெளியே கூண்டில் வையுங்கள். சிலிண்டர் மாற்றுகிறபோதெல்லாம் குழாய் மூட்டில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் பூட்டிவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

கரண்ட், மண்ணெண்ணெய், மரத்தூள்

இவற்றுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரைஸ் குக்கர் நல்லது. ஒரு நேரச் சோற்றுக்கு அரை யூனிட்டும் ஆகாது. 2,000 வாட் அடுப்பைத் தினம் ஒரு மணி நேரம் போட்டால் மாதம் 60 யூனிட். இலங்கைக் கட்டண முறையில் மாதம் 60 தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலைப் பட்டியலுக்கு மாறிவிடுவீர்கள்; பில்லைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். லயத்துப் பழைய வயர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்றும் பாருங்கள். காற்றுக் காலத்தில் மரம் விழுந்தால் லைட்டும் இல்லை, அடுப்பும் இல்லை.

மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. அதோடு அந்த அடுப்பின் கதை முடிந்தது என்பேன். மரத்தூள் அடுப்பு மர ஆலைப் பக்கம் இருப்பவருக்கு மட்டும். நடுவில் போத்தலை நிறுத்தித் தூளை இறுக்கி அடைத்து, போத்தலை உருவிக் கீழே கொளுத்தினால் மூன்று நாலு மணி நேரம் தானாகவே எரியும். பாதியில் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தண்ணீர் சுட வைக்கச் சரி.

ஒரே பார்வையில்

| | மண் அடுப்பு | அனகி | சிம்னி அடுப்பு | கேஸ் | கரண்ட் |
|---|---|---|---|---|---|
| முதல் தேத்தண்ணி | தணல் இருந்தால் 15 நிமிடம், இல்லாவிட்டால் அரை மணி | 15–20 நிமிடம் | 20 நிமிடம் | 5–7 நிமிடம் | 5–7 நிமிடம் |
| தீக் கட்டுப்பாடு | ஆள் நிற்க வேண்டும் | ஆள் வேண்டும், கொஞ்சம் விடலாம் | தகடு இருந்தால் நல்லது | மிக நன்று | மிக நன்று |
| புகை | அதிகம் | குறைவு | குசினிக்குள் இல்லை | இல்லை | இல்லை |
| குளிக்கத் தண்ணீர் | முடியும், விறகு தின்னும் | நன்று, பின் பானையில் | மிக நன்று | கட்டுபடியாகாது | கட்டுபடியாகாது |
| குளிருக்குச் சூடு | உண்டு, புகையோடு | கொஞ்சம் | உண்டு | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | பெண்ணின் நேரம், நெஞ்சு | விறகு பிளப்பது, மண் பூச்சு | கரி வழிப்பது, கூரை வேலை | கூலி, தட்டுப்பாடு | 60 யூனிட் கோடு, வயர் |

யாருக்கு எது

லயத்துக் காம்பராவில், கூரையில் கை வைக்க உரிமை இல்லாதவருக்கு மண் பூசின அனகியும் அவசரத்துக்கு 5 கிலோ சிலிண்டரும். சிம்னியை நினைத்துக் காசு சேர்க்க வேண்டாம். அதைக் கூரைக்குக் கீழே நான்கு விரல் திறப்புக்குச் செலவழியுங்கள்.

டவுனில் மாடி வாடகை வீடு என்றால் கேஸும் ரைஸ் குக்கரும். விறகு ஆசை அங்கே வேண்டாம். குளிப்பு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போய், வீட்டில் பகலில் ஆளில்லாத வீடுகளில் விறகு அடுப்பை முதன்மையாக வைக்காதீர்கள். யாரும் பார்க்காத தீ எந்த அடுப்பிலும் ஆபத்து. மாலையில் குளிப்புக்கும் இரவுச் சோற்றுக்கும் மட்டும் எரிக்கலாம்.

வயதான மாமியும் சின்னப் பிள்ளையும் இருக்கிற, சொந்தக் காணியில் சொந்தக் கூரை உள்ள வீட்டுக்குச் சிம்னி அடுப்பும் கேஸும் இரண்டும். காலை கேஸில், மதியமும் மாலையும் விறகில். ஆகத் தங்கச்சி, மாமி பக்கமே பேசுங்கள். வீட்டுக்காரருக்கு 12.5 கிலோவில் எத்தனை வாளி சுடும் என்ற கணக்கைக் காட்டினால் அவரும் இறங்கி வருவார்.

மேசன் பாஸ் அடுத்த கிழமை வருகிறார் என்றால், சிம்னியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குசினிக்குப் பின்பக்கக் கூரையை மூன்று அடி நீட்டச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கல் வைத்துப் பலகை போடட்டும், பக்கச் சுவர் வேண்டாம், காற்று ஓட வேண்டும். இப்போதே விறகைப் பிளந்து அங்கே அடுக்கினால், சிம்னி பூசி முடித்துக் காய்வதற்குள் விறகும் கொஞ்சம் காய்ந்திருக்கும்.